உயிரோடு இருந்தவனுக்கு ஓதிய ஃபாத்திஹா

அத்தியா செத்துப்போன செய்தியை முதலில் சொன்னது அத்தியாவேதான். நான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன், என் காதாலேயே கேட்டேன்.

என் பேர் நபவிய்யா. அன்ஃபூஷி என்கிற பேட்டையில் கடலைப் பார்த்த தெருவில் மீன் வறுத்து விற்கிறேன். எனக்கு வாய் நீளம் என்று தெருவில் சொல்வார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும், அந்த வாயை வைத்துத்தான் பாதித் தெரு பிழைத்தது. என் கடைக்கு எதிர்க் கட்டிடம் ஒரு நாள் காலையில் மொத்தமாகச் சரிந்து விழுந்தது. அத்தியா சர்க்கரைவள்ளிக் கிழங்கு சுட்டு விற்கிறவன், அப்போதுதான் வண்டியைத் தள்ளிக்கொண்டு கிளம்பிப் போயிருந்தான். அவன் மகள் சுந்துஸ் தட்டைத் திருப்பிக் கொடுக்க என் கடைக்கு வந்திருந்தாள். மனைவி மட்டும் மேலே துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். அவளை மறுநாள்தான் வெளியே எடுத்தார்கள். அதற்கப்புறம் அப்பனும் மகளும் என் கட்டிடத்துப் படிக்கட்டுக்கு அடியில் ஒரு தார்ப்பாயைக் கட்டிக்கொண்டு படுத்தார்கள். வீடு தருகிறோம் என்று அதிகாரிகள் வந்து சொன்னார்கள். சொன்னதோடு சரி.

சுந்துஸுக்கு அப்போது எட்டு வயதிருக்கும். நான் மீன் கட்டிக் கொடுக்க வைத்திருக்கும் பழைய பேப்பரை எடுத்து வைத்துக்கொண்டு எழுத்துக் கூட்டிப் படிப்பாள். வாடிக்கைக்காரன் நின்றுகொண்டிருப்பான், இவள் தரமாட்டாள். "பெரியம்மா, கொஞ்சம் இரு, இந்தப் பக்கம் இன்னும் முடியல" என்பாள். வியாபாரமே கெட்டது. அரசாங்கப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கலாம் என்று போனால், பிறந்ததற்குச் சான்று எங்கே, குடியிருக்கும் வீட்டு விலாசம் எங்கே என்று கேட்டார்கள். எல்லாம் கல்லுக்கும் மண்ணுக்கும் அடியில் கிடக்கிறது, போய்த் தோண்டி எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். வெளியே போகச் சொல்லிவிட்டார்கள்.

அப்புறம்தான் டிராம் பாதைக்கு அந்தப் பக்கம் பச்சைக் கதவு போட்ட பங்களாவைப் பற்றி யாரோ சொன்னார்கள். ஹாஜி ஷவ்கத் என்ற பஞ்சு வியாபாரி நடத்தும் பள்ளிக்கூடம். ரோட்டில் கிடக்கிற பிள்ளையாக இருந்தாலும் சேர்த்துக்கொள்வார்கள், சம்பளம் கிடையாது, புத்தகம், சட்டை, மதியச் சாப்பாடு எல்லாம் அவர்களே. நான், அத்தியா, சுந்துஸ் மூன்று பேரும் போனோம். அவள் தலையைத் தண்ணீர் தொட்டு வாரி, என் ரிப்பனைக் கட்டிவிட்டிருந்தேன்.

வாசலில் காவல்காரர் எங்களை ஏற இறங்கப் பார்த்தார்.

"சேர்க்கவா? எத்தீம் பிள்ளைங்களுக்கு மட்டும்தான். அப்பா உசுரோட இருக்கிற பிள்ளைய உள்ளேயே விடக் கூடாதுன்னு உத்தரவு. இதுக்கு அப்பா எங்க?"

"இதுக்கு அம்மா இல்லைங்க. அந்தக் கட்டிடம் விழுந்ததுல..." என்று நான் ஆரம்பித்தேன்.

"அம்மா இல்லேன்னா பாவம்தான். ஆனா அது எத்தீம்ல சேராது. அப்பா இல்லாத பிள்ளைதான் எத்தீம். தெரியாதா உனக்கு? அப்பா எங்கன்னு கேட்டேன்." அத்தியா பக்கம் திரும்பினார். "நீ யாரு?"

அத்தியா மகளின் கையை விட்டான். விட்டதை நான் பார்த்தேன்.

"நான் சித்தப்பா. பேரு ஷஹாத்தா. இவ அப்பன், எங்க அண்ணன் அத்தியா, அதே கட்டிடத்துல போய்ச் சேர்ந்துட்டான்."

"அல்லா இரங்கட்டும்" என்று சொல்லிவிட்டுக் காவல்காரர் கதவைத் திறந்தார்.

சுந்துஸ் அண்ணாந்து அப்பனைப் பார்த்தாள். அவன் குனிந்து அவள் ரிப்பனைச் சரிசெய்தான். "சித்தப்பா இங்கயே நிக்கிறேன். நீ பெரியம்மாகூட உள்ள போ, கண்ணு" என்றான்.

திரும்பி வரும் வழியெல்லாம் அவனைத் திட்டித் தீர்த்தேன்.

"பாவிப்பயலே, உன் வாயில வசம்பை வெச்சுத் தேய்க்க! குத்துக்கல்லாட்டம் நிக்கிறவன் தன்னைத்தானே சாகடிச்சுக்குவானாடா? ஷஹாத்தாவாம் ஷஹாத்தா! லிபியாவுக்குப் போய்த் தொலைஞ்சவன் பேருதான் கிடைச்சுதா உனக்கு?"

"வேற பேரு வாயில வரலக்கா. தம்பிதானே, கோவிச்சுக்க மாட்டான்." அவன் சிரித்தான். "செத்துட்டான்னு வதந்தி கிளம்புனா ஆயுசு கெட்டின்னு நீதானே சொல்லுவே? இனிமே நான் நூறு வயசு."

ஒரு வாரம் கழித்துப் பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு பெண் தெருவுக்கு விசாரிக்க வந்தாள். இந்த மாதிரி தர்ம ஸ்தாபனங்களில் அப்படித்தான், வந்து அக்கம்பக்கத்தில் கேட்பார்கள். நான் முதல் நாளே ஒவ்வொரு கடையாகப் போய்ச் சொல்லி வைத்திருந்தேன். காப்பிக் கடையில் கேட்டாள். "அத்தியாவா? தங்கமான மனுஷன், அல்லா இரங்கட்டும்" என்று சீட்டுக்கட்டைக் கீழே வைக்காமலே சொன்னார்கள். வலை பின்னுகிறவன் ஒருபடி மேலே போய், அடக்கத்துக்குத் தானே தோள் கொடுத்ததாகச் சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டான். அந்தப் பெண் கடைசியில் நேராக அத்தியாவின் வண்டியிடமே போய் நின்றாள்.

"உங்க அண்ணன் எப்படிப்பட்டவர்?"

அத்தியா அடுப்பில் கட்டையைத் தள்ளினான். "அவனா? கஷ்டப்படுறவன்மா. பொஞ்சாதி பிள்ளைக்கு ஒண்ணும் பண்ண முடியலையேன்னுதான் கடைசி வரைக்கும் கிடந்து தவிச்சான். மத்தபடி நல்லவன். இந்தாங்க, கிழங்கு சாப்பிடுங்க, சூடா இருக்கு."

அந்தப் பெண் கலங்கிப்போய்விட்டாள். அவள் தெருமுனை திரும்பும் வரைக்கும் அடக்கிக்கொண்டு, அப்புறம் தெருவே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. "நல்லவனாமே! உன்னைப் பத்தி உன்னைத் தவிர யாருடா நல்லது சொல்லுவா?" என்று காப்பிக் கடைக்காரன் கத்தினான். சுந்துஸுக்கு இடம் கிடைத்துவிட்டது.

அந்த வருஷமும் அடுத்த வருஷமும் எங்கள் தெருவில் நிறைய அப்பாக்கள் செத்தார்கள். வலை பின்னுகிறவன் கடலில் போனான். சுமை தூக்கும் கதரிக்கு மஞ்சள் காமாலை. அத்தனை பேரும் சாயங்காலம் என் கடையில் வந்து வறுத்த மீன் தின்றார்கள். "பிணத்துக்கெல்லாம் கடன் கிடையாது" என்று நான் கரண்டியால் துரத்துவேன். யாராவது ஒருவன் பேரைச் சொன்னால் மற்றவன் "அல்லா இரங்கட்டும்" என்பான், ஒரே சிரிப்பாக இருக்கும். இப்போது நினைத்தால் நெஞ்சு எரிகிறது.

எத்தீமுக்குப் பொறுப்பாளி என்று ஒருவர் உள்ளே வந்து போக வேண்டும். பெரியம்மா என்று நான் போனேன். தலைமை ஆசிரியை மிர்வத் மிஸ் நல்ல மாதிரி. என் வாய் சும்மா இருக்காதே, ஒரு நாள் கேட்டேவிட்டேன்.

"ஏன் மிஸ், அப்பன் இருந்தும் ஒண்ணும் இல்லாத பிள்ளைங்க ரோடு பூரா கிடக்கே. அதுங்களைச் சேர்த்தா வானம் இடிஞ்சு விழுந்துடுமா?"

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு முகத்தைத் தடவிக்கொண்டார். "நானும் வருஷா வருஷம் ஹாஜிகிட்ட கேக்கறேன். அவர் அப்பா போட்ட நிபந்தனையாம், மாத்த முடியாதாம். மத்தவங்ககிட்டயும் இதே கதைதான். ஏழைப் பிள்ளைக்கு உதவுங்கன்னா, அப்பன் சம்பாதிக்கட்டுமேன்னு சொல்றாங்க. எத்தீம்னு சொன்னாத்தான் பை திறக்குது. நான் என்ன பண்ண? அந்த ஒரு வார்த்தையிலதான் இந்த அடுப்பு எரியுது."

அவரைத் திட்டவும் எனக்கு வாய் வரவில்லை.

வருஷத்துக்கொரு முறை, ஏப்ரலில் முதல் வெள்ளிக்கிழமை, எத்தீம் நாள். ஹாஜி ஷவ்கத்தும் பணம் கொடுக்கிற மற்றவர்களும் மனைவி மக்களோடு வருவார்கள். பந்தல், மைக், பலூன், இனிப்பு எல்லாம் இருக்கும். எத்தீமின் தலையைத் தடவினால் கை பட்ட ஒவ்வொரு முடிக்கும் ஒரு நன்மை என்பார்கள். அதனால் பிள்ளைகள் வரிசையாக நிற்க, வந்தவர்கள் ஒருவர் பின் ஒருவராகத் தலையைத் தடவிக்கொண்டே போவார்கள். கடைசியில் ஒரு பிள்ளை மைக்கில் செத்துப்போன எல்லா அப்பாக்களுக்காகவும் குர்ஆனிலிருந்து ஃபாத்திஹா ஓத வேண்டும். சுந்துஸுக்குக் குரல் நன்றாக இருந்தது, முதல் வருஷமே அவளைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள்.

அதற்கு முந்திய நாள் சாயங்காலம் அவள் படிக்கட்டுக்கு அடியில் உட்கார்ந்துகொண்டு சாப்பிடமாட்டேன் என்று அழுதாள்.

"நான் ஓதினா நீ செத்துடுவியாப்பா?"

"சீச்சீ, யாரு சொன்னா?"

"செத்தவங்களுக்குத்தானே ஓதுவாங்க. நான் உன் பேரை நினைச்சு ஓதினா அல்லா நிஜம்னு நம்பிடுவாரு."

அத்தியா எழுந்து போய் வண்டியின் அடுப்புக் கதவைத் திறந்து சாத்தினான். தகரக் கதவு, டங்கென்று தெருக்கோடி வரைக்கும் கேட்கும். திரும்ப ஒரு தடவை சாத்தினான்.

"கேட்டுச்சா? நான் வண்டியோட வாசல்ல நிப்பேன். நீ பாட்டுக்கு ஓது. ஆமீன்னு சொன்ன உடனே நான் ரெண்டு தடவை கதவைச் சாத்துவேன். உங்கப்பன் இங்க எருமையாட்டம் நிக்கிறான்னு அர்த்தம். சரியா? இப்ப சாப்பிடு."

மறுநாள் நான் பந்தலில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். சுந்துஸ் நடுங்கிக்கொண்டே ஓதினாள். ஒலிபெருக்கி டிராம் பாதை வரைக்கும் கட்டியிருந்தார்கள், அதனால் தனக்கு ஓதுகிற ஃபாத்திஹாவை அத்தியா ஒரு சொல் விடாமல் கேட்டிருப்பான். அவள் ஆமீன் சொன்னாள். வெளியே டங், டங். அந்தப் பிள்ளையின் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே! ஃபாத்திஹா ஓதிவிட்டு இப்படிச் சிரிக்கிற எத்தீமை ஹாஜி ஷவ்கத் பார்த்ததே இல்லை. "இந்தப் பொண்ணோட ஈமானைப் பாருங்க, எவ்வளவு இறைநம்பிக்கை" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார்.

சாயங்காலம் அத்தியா அவள் தலையை மோந்து பார்த்தான். எத்தனையோ கைகளின் அத்தர் வாசனை கலந்து கிடந்தது.

"இன்னிக்கு எத்தனை பேரைச் சொர்க்கத்துக்கு அனுப்பி வெச்சே?"

"நிறையப் பேருப்பா. ஒரு மாமி மோதிரத்தோட தடவுனாங்க, முடி சிக்கிக்கிச்சு."

"நானும் ஒரு தடவை தடவட்டுமா? எனக்கும் கொஞ்சம் நன்மை கிடைக்கட்டும்."

"உனக்குக் கிடைக்காதுப்பா" என்றாள் அவள் மிகவும் வருத்தத்தோடு. "நீ உசுரோட இருக்கே."

அவன் விழுந்து விழுந்து சிரித்தான். நானும்தான் சிரித்தேன்.

அதற்கப்புறம் ஒவ்வொரு வருஷமும் அவள்தான் ஓதினாள். ஒவ்வொரு வருஷமும் டங், டங். மற்ற நாட்களிலும் பள்ளிக்கூடம் விடும் நேரத்துக்கு அத்தியா வண்டியைப் பச்சைக் கதவுக்கு எதிரே கொண்டுவந்து நிறுத்திவிடுவான். பிள்ளைகள் எல்லாருக்கும் அவன் "ஷஹாத்தா மாமா". சுந்துஸ் வந்தால் இருப்பதில் பெரிய கிழங்காகப் பொறுக்கிக் கொடுப்பான். "நன்றி சித்தப்பா" என்று வாங்கிக்கொண்டு அவள் என்னோடு நடந்துவிடுவாள். அவன் வேறு வழியாகச் சுற்றிக்கொண்டு வருவான்.

இரண்டாவது வருஷம் ஒரு நாள், பரீட்சையில் முதல் இடம் வந்துவிட்டது என்று சந்தோஷத்தில் வாசலிலிருந்தே "அப்பா!" என்று கத்திவிட்டாள். மிர்வத் மிஸ் பின்னாலேயே வந்துகொண்டிருந்தார். அத்தியா அசையவே இல்லை. யாரைக் கூப்பிடுகிறாள் என்று தேடுகிறவன் போல மெதுவாகத் தனக்குப் பின்னால் திரும்பிப் பார்த்தான். "அப்பாவை நினைச்சுக்கிட்டாளோ என்னவோ, பாவம்" என்று மிர்வத் மிஸ் என் கையைப் பிடித்துக்கொண்டார். அன்றைக்கு அடுப்பிலிருந்த கிழங்கெல்லாம் கருகிப்போய்விட்டது, அவன் எடுக்கவே இல்லை.

அன்றிலிருந்து அந்தப் பிள்ளை பயந்துவிட்டாள். வீட்டிலும், அதாவது படிக்கட்டுக்கு அடியிலும், சித்தப்பா என்றுதான் கூப்பிட்டாள். வாய் தவறினால் இடம் போய்விடும், தன்னால் மற்றப் பிள்ளைகளுக்கும் போய்விடும் என்று அவளாகவே முடிவுசெய்துகொண்டாள். "நாம மட்டும் இருக்கறப்ப அப்பான்னே கூப்பிடேன்டி, உன்னை யாரு கேக்கப் போறா?" என்று நான் ஒரு தடவை அதட்டினேன். அத்தியா குறுக்கே வந்து, "விடுக்கா, நாக்கு பழகட்டும். அதுதான் நல்லது" என்றான். சொல்லிவிட்டு வெளியே போய், வண்டிக்கு ஒன்றும் இல்லாதபோதே சக்கரத்தைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தான்.

இந்த வருஷம் சுந்துஸ் ஒன்பதாவது முடிக்கிறாள். இதோடு அந்தப் பள்ளிக்கூடம் முடிந்தது. மேலே படிக்க வேண்டும் என்றால் எத்தீம் நாளில் ஹாஜி ஷவ்கத் யாராவது ஒரு பிள்ளையைத் தேர்ந்தெடுத்து அதன் செலவை ஏற்றுக்கொள்வார். அவள் டாக்டருக்குப் படிக்கப் போகிறேன் என்று காப்பிக் கடையில் எல்லாம் சொல்லி வைத்திருந்தாள். அத்தியாவுக்கு வேறு பேச்சே கிடையாது. "வெள்ளிக்கிழமை நல்லா ஓதிட்டான்னா போதும்" என்று பார்க்கிறவர்களிடம் எல்லாம் சொன்னான்.

மார்ச் கடைசியில் அவ்வா புயல் வந்தது. எங்கள் ஊரில் குளிர்காலத்தின் ஒவ்வொரு புயலுக்கும் ஒரு பேர் உண்டு, இதுதான் கடைசி, கடைசியாக வந்தாலும் இதற்குத்தான் வெறி அதிகம். மழையும் கடல் தண்ணீரும் சேர்ந்து ரோட்டில் முழங்கால் வரைக்கும் நின்றது. அந்த மழையிலும் அவன் வண்டியைத் தள்ளிக்கொண்டு பச்சைக் கதவுக்குப் போனான். நான் வழியை மறித்துக்கொண்டு நின்றேன்.

"இந்தப் பேய்மழையில எவன்டா கிழங்கு திங்க வருவான்? உனக்கு என்ன கேடு?"

"பிள்ளை நனைஞ்சுக்கிட்டு வருவாக்கா. கையில சூடா ஒண்ணு கொடுத்தா பிடிச்சுக்கிட்டே நடப்பா" என்றான்.

மூன்றாம் நாள் காய்ச்சல். இருமினால் படிக்கட்டே அதிர்ந்தது. கதரியும் வலை பின்னுகிறவனும் அவனை அதே வண்டியில் படுக்க வைத்து ஆஸ்பத்திரிக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். இரண்டு நுரையீரலிலும் சளி கட்டிவிட்டது, முன்னாலேயே கொண்டுவந்திருக்க வேண்டும் என்றார் டாக்டர். முன்னாலேயே, முன்னாலேயே! இந்த ஒரு வார்த்தையை எல்லா டாக்டரும் எங்கே போய்ப் படித்துக்கொண்டு வருகிறார்களோ தெரியவில்லை.

சுந்துஸ் தண்ணீர் பிடிக்கப் போயிருந்தபோது அவன் என் முக்காட்டு நுனியைப் பிடித்து இழுத்தான்.

"அக்கா, பள்ளிவாசல் மைக்குல சொல்றப்ப ஷஹாத்தான்னே சொல்லச் சொல்லு."

"வாயை மூடுடா. நீதான் நூறு வயசுக்காரனாச்சே."

"அத்தியான்னு சொன்னா பச்சைக் கதவு வரைக்கும் கேக்கும். இவ அப்பன் பேரு அவங்களுக்குத் தெரியும். எல்லாம் போயிடும், கதரி பிள்ளைங்களுக்கும் போயிடும். ஷஹாத்தான்னே சொல்லச் சொல்லு. வெள்ளிக்கிழமை அவளை ஓத அனுப்பு."

"நீயே வந்து நில்லு, வண்டியோட."

அவன் சிரிக்கப் பார்த்தான், இருமல்தான் வந்தது. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அஸர் தொழுகை நேரத்தில் போய்விட்டான்.

ஒலிபெருக்கியில் ஷஹாத்தா என்றுதான் சொன்னார்கள். தன் அப்பன் செத்த செய்தியை வேறொருவன் பேரில் கேட்டுக்கொண்டு அந்தப் பிள்ளை என் கடை வாசலில் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. அடக்கம் முடிந்து ஆண்கள் காப்பிக் கடைக்குத் திரும்பினார்கள். அத்தனை வருஷமும் சிரித்துக்கொண்டே "அல்லா இரங்கட்டும்" என்று சொன்ன வாய்கள். அன்றைக்கு ஒருவனுக்கும் அந்தச் சொல் வெளியே வரவில்லை. காப்பிக் கடைக்காரன் சீட்டுக்கட்டை எடுத்துக் குப்பையில் போட்டான்.

வியாழக்கிழமை அவளைப் பள்ளிக்கூடத்துக்கு அழைத்துக்கொண்டு போனேன். மிர்வத் மிஸ் அவளைப் பார்த்ததும் எழுந்து வந்தார்.

"ரெண்டு நாளா ஏன் வரல? இது என்ன கறுப்பு?"

"சித்தப்பா இறந்துட்டாங்க மிஸ்."

"நம்ம கிழங்குக்காரரா? அடடா! தங்கமான மனுஷன். அல்லா இரங்கட்டும்." அவள் கன்னத்தைத் தட்டினார். "கஷ்டமாத்தான் இருக்கும். ஆனா சித்தப்பாதானே, மனசைத் தேத்திக்கோ. அப்பாவையே தாங்கிக்கிட்ட பொண்ணாச்சே நீ. நாளைக்குக் கறுப்பு வேண்டாம்மா, விருந்தாளிங்க வர்ற நாள். ரோஸ் சட்டை போட்டுக்கோ."

"சரி மிஸ்" என்றாள் சுந்துஸ். நான் என் வாயை என் கையாலேயே பொத்திக்கொண்டேன். அந்த அம்மாவின் மேல் என்ன தப்பு, அவருக்கு என்ன தெரியும்?

வெள்ளிக்கிழமை வெயில் பளிச்சென்று அடித்தது, புயல் வந்த சுவடே இல்லை. பந்தல், பலூன் எல்லாம் வழக்கம் போல. பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். மோதிரக் கைகள் ஒவ்வொன்றாக அவள் தலையைத் தடவிக்கொண்டு போயின. தடவிக்கொள்ளுங்கள், நன்றாகத் தடவிக்கொள்ளுங்கள், இந்த வருஷம்தான் நிஜமான நன்மை கிடைக்கும் என்று எனக்குக் கத்த வேண்டும் போலிருந்தது. ரோஸ் சட்டையில் அவள் மரக்கட்டையாக நின்றாள்.

ஃபாத்திஹாவுக்குப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். மைக்குக்குப் போனாள். ஓதினாள். ஒரு இடத்திலும் குரல் தடுக்கவில்லை. அவள் அப்படி ஓதி நான் கேட்டதே இல்லை. ஆமீன் என்றாள், பந்தலே ஆமீன் என்றது.

அப்புறம் அவள் இறங்கவில்லை.

மைக்கைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள். பச்சைக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஹாஜி ஷவ்கத் கைதட்டுவதற்காகத் தூக்கிய கையைத் தூக்கியபடியே வைத்திருந்தார். வெளியே ஒரு டிராம் வந்து நின்று, போயிற்று. மிர்வத் மிஸ் மேடை ஓரமாகப் போய், "சுந்துஸ், முடிஞ்சுதும்மா, இறங்கு" என்றார்.

"கொஞ்சம் இருங்க மிஸ்" என்றாள் அவள். மைக்கில் எல்லாருக்கும் கேட்டது. "இன்னும் சத்தம் வரல."

அங்கே இருந்தவர்களில் என்னையும் எங்கள் தெருப் பிள்ளைகளையும் தவிர யாருக்கும் அது புரியவில்லை. கதரியின் சின்னவன் வாய்விட்டு அழ ஆரம்பித்தான். நான் நாற்காலிகளைத் தள்ளிக்கொண்டு மேடைக்கு ஓடினேன். அவள் விரல்களை ஒவ்வொன்றாக மைக்கிலிருந்து பிரித்து எடுக்க வேண்டியிருந்தது. அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. அப்படி ஒரு அழுகையை நான் கேட்டதில்லை, இனிமேலும் கேட்க வேண்டாம்.

ஹாஜி ஷவ்கத் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மைக்கை வாங்கினார்.

"அப்பா போய் இத்தனை வருஷம் ஆகியும் நேத்துப் போன மாதிரி அழுறா பாருங்க. அல்லா சாட்சியா சொல்றேன், இந்தப் பொண்ணு எது வரைக்கும் படிக்கணும்னு ஆசைப்படுதோ அது வரைக்கும் என் செலவு."

எல்லாரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். அத்தியா கேட்டது அத்தனையும் கிடைத்துவிட்டது. அந்தக் கிழவரைக் கட்டிப்பிடித்துக்கொள்வதா, நாலு வார்த்தை கேட்டுவிடுவதா என்று எனக்குத் தெரியவில்லை. கெட்டவர் இல்லை அவர். அத்தியா உயிரோடு இருக்கும்போதே இதைச் சொல்லியிருக்கக் கூடாதா, பாவி மனுஷா! இந்தப் பிள்ளையின் படிப்புக்கு ஒருவன் செத்துத்தான் ஆக வேண்டுமா? கை கொடுத்து நன்றி சொன்னேன். வேறு என்ன செய்ய முடியும்.

வெளியே வந்தோம். வண்டி நிற்கும் இடத்தில் சாம்பல் கொட்டிக் கொட்டிக் கறுத்துப்போன ஒரு வட்டம், அத்தனை மழைக்கும் போகாமல் கிடந்தது. சுந்துஸ் அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். மூக்கைச் சட்டைக் கையால் துடைத்துக்கொண்டாள்.

"பெரியம்மா."

"என்னடி கண்ணு?"

"இனிமே அப்பான்னு சொல்லலாம்ல? இப்ப பொய் ஒண்ணும் இல்லையே. யாரும் இடத்தைப் பிடுங்கிட மாட்டாங்கல்ல?"

"சொல்லுடி. யாரு வர்றான்னு நான் பாக்கறேன்" என்றேன்.

அவள் சுற்றுமுற்றும் ஒரு தடவை பார்த்துக்கொண்டாள், பழக்கம். அப்புறம் அந்தக் கறுத்த இடத்தைப் பார்த்து "அப்பா" என்று கூப்பிட்டாள். மெதுவாகத்தான் கூப்பிட்டாள். இனிமேல் சுற்றிக்கொண்டு வர யாரும் இல்லை, நேர்வழியாகவே வீட்டுக்கு நடந்தோம்.